பேச்சிக்குக் கஷ்டம் பத்தலை

ஒரு ஊர்ல ஒரு புரோட்டாக் கடை. சாத்தூர்ப் பக்கம்னு வெச்சுக்கோயேன். நாலு பெஞ்சு, ஒரு கல்லு, கல்லுக்குப் பின்னாடி சீனிச்சாமின்னு ஒரு மாஸ்டர். சாயங்காலமானா மாவைத் தூக்கி அடிப்பாரு பாரு, டப்பு! டப்பு! டப்பு! பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். கடைக்குப் பின்னால ரெண்டு ரூமு. அதுதான் வீடு. சீனிச்சாமிக்கும் அவரு பொண்டாட்டி வேலம்மாவுக்கும் ஒரே மக, முத்துப்பேச்சி. ஒன்பதாம் கிளாஸ். கையில காசு தங்காத வீடுதான், ஆனா புரோட்டா தங்கும். அதனால பேச்சிக்குக் கன்னம் ரெண்டும் உப்பலா, பன்னு மாதிரி இருக்கும்.

ம் சொல்லு கண்ணு. நீ ம் கொட்டினாத்தான் கதை நடக்கும்.

அப்புறம், ரொம்ப தூரத்துல, கோயமுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடம். எவ்வளவு பெரிசுன்னா, அங்க குதிரை இருக்கு. குதிரைக்கு ஃபேன் இருக்கு. அங்க படிக்கிற பிள்ளைங்க பெரிய படிப்புக்கு வெளிநாடு போகும். வெளிநாட்டுக் காலேஜுல என்ன கேப்பாங்களாம்? "மார்க்கு இருக்கு, சரி. இரக்கம் இருக்கா?" இருக்குன்னு வாயால சொன்னாப் போதாது. சர்டிபிகேட் காட்டணும்.

அதுக்காக அந்தப் பள்ளிக்கூடத்துல பிரமிளா மேடம்னு ஒருத்தங்க "இதயப் பாலம்"னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு பணக்காரப் பிள்ளையும் ஒரு ஏழைப் பிள்ளைக்குக் கைப்பட லெட்டர் எழுதணும். ஏழைப் பிள்ளை பதில் போடணும். வருஷக் கடைசியில எல்லாத்தையும் வழவழன்னு புஸ்தகமா போட்டு, ஆளுக்கொரு சர்டிபிகேட். இரக்கம் முடிஞ்சுது.

ஏழைப் பிள்ளைங்களுக்கு எங்க போறது? பேச்சி படிக்கிற பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் கோமதிநாயகம் சார், "எங்ககிட்ட நிறைய இருக்கு மேடம்"னு முந்திக்கிட்டாரு. பாலம் நல்லபடியா முடிஞ்சா, பள்ளிக்கூட வாசல்ல ஒரு வளைவு கட்டித் தர்றதா மேடம் சொல்லியிருந்தாங்க. வளைவுல சார் பேரு தங்கக் கலர்ல வரும். சாருக்கு அடுத்த வருஷம் ரிடையர்மெண்டு. தூக்கத்துலகூட வளைவுதான்.

அப்போ பேச்சிக்கு முதல் லெட்டர் வந்துச்சு. மிதுனான்னு ஒரு பொண்ணு. பதினாறு வயசு. அவங்கப்பாவுக்கு மூணு மில்லு. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் கத்திரிக்கா சைஸு.

"அன்புள்ள தோழி, என் பெயர் மிதுனா. எனக்கு இரண்டு நாய்கள். உன் பெயர் என்ன? உன் வயது என்ன? உன் கஷ்டம் என்ன?"

பேச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "என்னம்மா இது, ரேஷன் கார்டுக்குக் கேக்குற மாதிரி கேக்குறா?" வேலம்மா சால்னாவைக் கிண்டிக்கிட்டே, "கேட்டா பதில் சொல்லு"ன்னாங்க.

பேச்சி எழுதினா. "மிதுனா அக்கா, எங்கப்பா புரோட்டாக் கடை. மிஞ்சின புரோட்டாவைக் காலையில பிச்சுப் போட்டு முட்டை ஊத்திக் கிளறித் தருவாங்க. அதுதான் ருசி. கஷ்டம் கேட்டீங்க. ஒண்ணு, கணக்கு. ரெண்டாவது, எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளைப் பிள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ள போனா ரெண்டு பேரு துப்பட்டாவைத் திரை மாதிரி புடிச்சுக்கிட்டு நிப்போம். அதனால காலையிலருந்து தண்ணியே குடிக்க மாட்டோம். உங்க நாய் பேரு என்ன?"

என்ன சிரிப்பு? கதையில கக்கூஸ் வரக்கூடாதா? ராஜா கதையில ராஜா எங்க போவாராம்?

ஹெட்மாஸ்டர் லெட்டரைப் படிச்சாரு. "சீச்சீ! இதையெல்லாம் வெளியூருக்கு எழுதுவாங்களா?" சிவப்பு மையால கக்கூஸைச் சர்ரு சர்ருன்னு அடிச்சாரு. மிச்சத்தை அனுப்பினாரு. நாலாம் நாள் மேடம்கிட்டருந்து போன். சார் பேச்சியைக் கூப்பிட்டாரு.

"ஏம்மா, உன் லெட்டரு மனசைத் தொடலையாம். கஷ்டம் பத்தலையாம்."

"இருக்குறதைத்தானே சார் எழுத முடியும்?"

"உங்க வீட்ல கூரை ஒழுகாதா?"

"ஒழுகாது சார். சிமெண்டு ஷீட்டு."

"கொஞ்சம் ஒழுகட்டும்."

அங்க மழை பெய்ஞ்சே எட்டு மாசம்! ஆனா பேச்சிக்கு வாய் இருக்கே, அது சும்மா இருக்குமா? உக்காந்து எழுதினா பாரு. "மழை வந்தால் ஏழு பாத்திரம் வைப்போம். ட்டொக், ட்டொக் என்று விழுவது பானை. ட்டிங் என்று விழுவது டம்ளர். நான் நடுவில் உட்கார்ந்து படிப்பேன்." மேடம் படிச்சாங்க. பொலபொலன்னு கண்ணீர். உடனே ஒரு குடை வந்துச்சு. வெயிலுக்கு நல்லா இருந்துச்சு.

அப்புறம் ரெண்டாவது போன். "அடுத்ததுல பசி இருக்கட்டும்னு சொல்றாங்கம்மா." பேச்சி ஒரு கையில புரோட்டாவைக் கடிச்சுக்கிட்டே இன்னொரு கையால பசியை எழுதினா. லெட்டர் ஓரத்துல எண்ணெய்க் கறை பட்டுப் போச்சு. மேடம் அதைத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, "பாருங்க பிள்ளைங்களா, இது அந்தக் குழந்தை அழுத இடம்"னாங்களாம். வகுப்பே மூக்கைச் சிந்துச்சாம், சிர்ர்ரு!

அந்த வாட்டி ஒரு மூட்டைப் பழைய துணி வந்துச்சு. அதுல ஒரு நீல பேண்ட்டு. பாக்கெட்டுல கையை விட்டா, சின்னதா மடிச்ச ஒரு காகிதம். அதே கத்திரிக்கா எழுத்து.

"பேச்சி, உன் முதல் லெட்டரை மேடம் மேஜையில் பார்த்தேன். சிவப்பு அடிச்சதையும் படிச்சேன். அதுதான் எனக்குப் பிடிச்சது. மழை லெட்டர் நிஜமா? என் லெட்டரையும் மேடம்தான் சொல்லித் தர்றாங்க. எங்க வீட்டுக்கே எழுது. அக்கா வேண்டாம். நாய் பேரு பிஸ்தா, முந்திரி."

கீழ வீட்டு அட்ரஸ். பேச்சிக்குக் குபுக்குன்னு ஒரு சந்தோஷம். அம்மாகிட்டக்கூடக் காட்டலை. அன்னைக்கே போஸ்ட் ஆபீஸ் ஓடி கார்டு வாங்கினா. "மழை பொய். பசியும் பொய். கக்கூஸ் நிஜம். பிஸ்தா முந்திரின்னு நாய்க்குப் பேரு வெச்சா, நீங்க என்னத்தைத் திம்பீங்க?"

அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு கார்டு. அங்கருந்து இங்க, இங்கருந்து அங்க. மிதுனா எழுதுவா, "எங்க வீட்டில் மைதா கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னை எடை போடுவாங்க. கூடினால் சனிக்கிழமை சூப் மட்டும்." பேச்சி பதில் எழுதுவா, "மூணு மில்லு வெச்சிருக்கிறவங்க வீட்ல பட்டினியா? உனக்கு நான் பழைய துணி அனுப்பட்டுமா?" மிதுனா எழுதுவா, "வீட்டில் ஏழு பாத்ரூம். நாங்க மூணு பேர்." பேச்சி கேப்பா, "மிச்சம் நாலும் யாருக்கு? பிஸ்தா முந்திரிக்கு ரெண்டு போனாலும் ரெண்டு இடிக்குதே." சீனிச்சாமியைப் பத்தியும் எழுதுவா. பீடி கிடையாது, குடி கிடையாது, ஒரு நாளைக்கு எட்டு டீ மட்டும், மாவு அடிக்கும்போது மூக்கு அரிச்சா மகளைக் கூப்பிட்டுச் சொறியச் சொல்லுவாருன்னு.

ம்? தூங்கிட்டியா? இல்லையா? சரி. இனிமேதான் கதை புளிக்கப் போகுது.

மூணாவது போன் வந்துச்சு. சார் பேச்சியைக் கூப்பிட்டாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"உங்கப்பா குடிப்பாரா?"

"டீ குடிப்பாரு சார்."

"அது இல்லம்மா. மேடம் என்ன சொல்றாங்கன்னா, இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

"கூரை கேட்டீங்க, குடுத்தேன். பசி கேட்டீங்க, குடுத்தேன். எங்கப்பாவைத் தர மாட்டேன் சார்."

"சரி, சரி, போ"ன்னுட்டாரு. பேச்சியும் போயிட்டா. ஆனா வளைவு விடுமா? சார் கதவைச் சாத்திக்கிட்டு, பேச்சி எழுத்து மாதிரியே அவரே ஒரு லெட்டர் எழுதினாரு. அனுப்பிட்டாரு.

பத்து நாள் கழிச்சு, "நேர்ல பாக்க வர்றோம்"னு மேடம் சொன்னாங்க. சார் ஆடிப் போயிட்டாரு. புரோட்டாக் கடைக்கு ஓடி வந்து பாத்தாரு. கல்லு பளபளங்குது, சுவத்துல வெள்ளை அடிச்சிருக்கு, வேலம்மா குண்டா உக்காந்திருக்காங்க. "உங்க வீடு ரொம்ப நல்லாருக்கேம்மா!"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு. கடைசியில பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருந்த ஒரு இடிஞ்ச மாட்டுத் தொழுவத்தைக் கூட்டி, ஒரு கிழிஞ்ச பாயைப் போட்டு, "ஒரு மணி நேரத்துக்கு இதுதான் உன் வீடு"ன்னாரு. பேச்சி, "முடியாது"ன்னா. "வளைவு வரட்டும்மா, உன் கக்கூஸுக்கு நானே கதவு போடுறேன்"னாரு. பேச்சி யோசிச்சா. முந்நூறு பிள்ளைங்களுக்கு ஒரு கதவு. சரின்னா.

மூணு காரு வந்துச்சு, சொய்ங், சொய்ங், சொய்ங். பட்டுப் புடவையில பிரமிளா மேடம் இறங்கினாங்க. தொப்பி போட்ட பத்துப் பிள்ளைங்க இறங்குச்சு. கேமரா இறங்குச்சு. பத்துல ஒருத்தி ஒல்லியா, கண்ணாடி போட்டு, பேச்சியைப் பாத்து லேசா கையை ஆட்டினா. மிதுனாதான். பேச்சியும் ஆட்டினா. இவ்வளவு நாள் எழுத்தா இருந்தது இப்போ ஆளா நிக்குதேன்னு ரெண்டு பேருக்கும் வெக்கம்.

மேடம் பாயைத் தொட்டுப் பாத்தாங்க. மேல இருந்த ஓட்டையைப் பாத்து, "இங்கதானே அந்த ட்டிங்?"னாங்க. கேமரா, கிளிக் கிளிக்.

அப்போ யாரு வந்தா தெரியுமா? சீனிச்சாமி! அவரைக் கடையிலேயே இருக்கச் சொல்லியிருந்தாரு ஹெட்மாஸ்டர். மகளோட சிநேகிதி அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கே, மனசு கேக்கலை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, வாழையிலையில பன்னெண்டு புரோட்டா கட்டி எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு. "இதுதான் பேச்சியோட அப்பா"ன்னு யாரோ சொல்லிட்டாங்க.

மேடம் அவருகிட்ட போனாங்க. சின்னப் பிள்ளைகிட்ட பேசுற மாதிரி மெதுவா, "ஐயா, குடியை விட்டுடுங்க"ன்னாங்க.

சீனிச்சாமிக்கு ஒண்ணும் புரியலை. "என்னதும்மா?"

"மறைக்காதீங்க. உங்க மகளே எழுதியிருக்கா." பையிலருந்து லெட்டரை எடுத்து, ஊரே கேக்குற மாதிரி படிச்சாங்க. "என் அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். நான் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்."

வேலிக்கு வெளிய வேடிக்கை பாத்த சனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிச்சு. சீனிச்சாமி மகளைப் பாத்தாரு. கோவம்கூட இல்லை அந்தப் பார்வையில. கோவம் இருந்திருந்தா தேவலை.

"நான் எழுதலைப்பா! அது என் எழுத்து இல்ல!"ன்னு பேச்சி கத்தினா. ஹெட்மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே, "பிள்ளைக்குக் கூச்சம், அதான்"னாரு. அப்போ பேச்சி மிதுனாவைப் பாத்தா. அவளுக்குத் தெரியும். காருல வந்த கூட்டத்துல நிஜம் தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். எட்டு டீ தெரியும், மூக்கு அரிச்சா சொறியிறது தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

மிதுனா குனிஞ்சு அவ ஷூவைப் பாத்துக்கிட்டு நின்னா.

சீனிச்சாமி பொட்டலத்தைப் பாய் மேல வெச்சாரு. வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு நடந்து போயிட்டாரு. மேடம், "குற்ற உணர்ச்சி"ன்னு கேமராக்காரர் காதுல சொன்னாங்க.

இவ்வளவு இரக்கப்பட்டா உடம்பு தாங்குமா? காலையிலருந்து காருல மூணு பாட்டில் தண்ணி வேற. மேடம் நெளிஞ்சாங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட போய், "இங்க... ரெஸ்ட் ரூம்?"னாங்க. சாரு முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. பேச்சிதான், "வாங்க மேடம், நான் காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போனா. மிதுனாவும் பின்னாடியே ஓடி வந்தா.

மேடம் பாத்தாங்க. "கதவு எங்க?"

"நாங்கதான் மேடம் கதவு"ன்னா பேச்சி. துப்பட்டாவோட ஒரு முனையை அவ புடிச்சா. இன்னொரு முனையை மிதுனா புடிச்சா. வேற வழி? பட்டுப் புடவை உள்ள போச்சு. அப்போ பாத்து காத்து, புஸ்ஸ்ஸ்! துப்பட்டா ஒரு பக்கம் பறக்குது, உள்ள மேடம் "ஐயோ, புடி! புடி!"ங்கிறாங்க.

அப்படி ஆளுக்கொரு முனையைப் புடிச்சுக்கிட்டுத்தான் ரெண்டு பேரும் முதல் முதலா வாய் பேசினாங்க.

"பேச்சி, நான் வந்து..."

"எங்கப்பா குடிக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"மேடம் கோவிச்சா சர்டிபிகேட்..."

"துப்பட்டாவை ஒழுங்கா புடி"ன்னா பேச்சி.

காருங்க போயிருச்சு. அடுத்தவங்க கஷ்டம் மனசைத் தொட மேடத்துக்கு நாலு மாசம் லெட்டர் வேண்டியிருந்துச்சு. தன் கஷ்டம்னா நாலே நிமிஷம். அந்த வாரமே கோயமுத்தூர்லருந்து ஒரு கதவு வந்து இறங்குச்சு, நல்ல தேக்குக் கதவு. "இதயப் பாலம் அன்பளிப்பு"ன்னு கதவு முழுக்க எழுதியிருந்துச்சு. வளைவு வரலை. அந்தப் பேச்சையே மேடம் எடுக்கலை. கோமதிநாயகம் சாரு தங்கக் கலரு இல்லாமலே ரிடையர் ஆனாரு. புஸ்தகம் மட்டும் வந்துச்சு. அதுல பத்தாம் பக்கத்துல பேச்சி வீட்டுக் கூரை இன்னும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு.

ஆனா கடையில? அதைக் கேளு. ஊரு வாயை யாரு மூடுறது? "என்ன சீனி, ரகசியமா குடிக்கிறியாமே?"ன்னு ஒருத்தன் கேப்பான். "பெத்த மகளே எழுதிக் குடுத்துருச்சாமே"ன்னு இன்னொருத்தன். சீனிச்சாமி குனிஞ்சு மாவைப் பிசைவாரு. மக சொன்னதை அவரு நம்பினாரு, ஆனா ஊரு நம்பலையே. மாவை அடிக்கிற சத்தம் தொப், தொப்புன்னு செத்துப் போயிருச்சு. மூக்கு அரிச்சாக்கூடப் பேச்சியைக் கூப்பிடுறதில்லை. முழங்கையால தேய்ச்சுக்குவாரு. பேச்சிக்கு அதைப் பாக்கப் பாக்கப் புரோட்டா இறங்கலை. பொய்யா எழுதின பசி நிஜமாவே வந்துருச்சு.

மிதுனாகிட்டருந்து லெட்டர் வந்துச்சு. "சாரி, சாரி, சாரி"ன்னு ஒரு பக்கம் முழுக்க. பேச்சி பதில் போடலை. அப்புறம் ஒரு பார்சல், பிரிச்சா, பளபளன்னு ஒரு வாட்ச்சு. "துணி, குடை, இப்போ வாட்ச்சா?"ன்னு அப்படியே திருப்பி அனுப்பினா. மூணாவதா ஒரு கார்டு. அதுல ஒரே வரி. "நான் என்ன செய்யணும்?"

பேச்சி அதுக்குப் பதில் போட்டா. "அந்த லெட்டரை எழுதினது ஹெட்மாஸ்டர்தான், வேற யாரு? இங்க வா. காருல வராத, பஸ்ல வா. எங்கப்பாவை எத்தனை பேரு முன்னாடி கேட்டாங்களோ, அத்தனை பேரு முன்னாடி சொல்லு."

வருவாளா? ம்? நீ என்ன நினைக்கிற?

வந்தா! ஒரு சனிக்கிழமை. மதுரையில பஸ் மாறி, ஜன்னலோரமா ரெண்டு வாட்டி வாந்தி எடுத்து, தலையெல்லாம் புழுதியா சாயங்காலம் வந்து இறங்கினா. ஆனா ஒண்ணு. பெரிய வீட்டுப் பிள்ளையைத் தனியா விடுவாங்களா? பஸ்ஸுக்குப் பின்னாடியே கோயமுத்தூர்லருந்து அவங்க வீட்டு காரு காலியா, டிரைவரோட வந்துச்சு. பேச்சிக்கு அதைப் பாத்ததும் சிரிப்பு முட்டுச்சு. உதட்டைக் கடிச்சு அடக்கிக்கிட்டா.

கடையில நல்ல கூட்டம். இருபது பேராவது இருப்பாங்க. பேச்சி ஒரு பெஞ்சைக் காட்டினா. மிதுனா அது மேல ஏறினா.

"எல்லாரும் கேளுங்க!"ன்னு அவ கத்தினது பாதி அழுகை. "இவரு குடிக்க மாட்டாரு! அந்த லெட்டரு பொய்! ஹெட்மாஸ்டர் எழுதினது! எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொல்லலை. என் மேலதான் தப்பு!"

மூலையில கொத்து புரோட்டா தின்னுக்கிட்டிருந்த ஒரு ஆளு, கண்ணு சிவக்க எழுந்து நின்னு கையைத் தூக்கினாரு. "நான் குடிப்பேம்மா! என்னைப் பத்தி எவனாச்சும் லெட்டரு போட்டானா?"

கொல்லுன்னு கடையே சிரிச்சுது. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. ரகசியமா குடிக்கிறியாமேன்னு கேட்டவன்தான் எல்லாருக்கும் மேல சத்தமா சிரிச்சான். "அட விடு சீனி, சும்மா கேலிக்குத்தான் கேட்டோம்"னான். சீனிச்சாமி மிதுனாவைப் பாத்தாரு. தோள் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. "இறங்கு தாயி. புழுதியா இருக்க, முதல்ல முகத்தைக் கழுவு"ன்னு சொல்லிட்டு, "ஏ பேச்சி, இங்க வா, மூக்கு அரிக்குது"ன்னாரு.

பேச்சி ஓடினா பாரு ஓட்டம்!

அப்புறம் சிநேகிதிங்க ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்தாங்க. மிதுனா ஒரு துண்டு புரோட்டாவைச் சால்னாவுல முக்கி வாயில வெச்சா. கண்ணை மூடிட்டா. பேச்சி அவளையே பாத்தா.

"சர்டிபிகேட் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"இரக்கத்துக்கு எவ்வளவு போட்டாங்க?"

"ஏ பிளஸ்"னு மிதுனா சொன்னா. சொல்லும்போதே அவளுக்கு வெக்கமா போச்சு.

"நல்லா போட்டாங்க"ன்னு பேச்சி அவ இலையில இன்னொரு புரோட்டாவை வெச்சா. "தின்னு. ஆனா நான் உன்னை இன்னும் மன்னிக்கலை, தெரிஞ்சுக்கோ."

"எப்போ மன்னிப்ப?"

பேச்சி யோசிச்சா. நல்லா யோசிச்சா. "ஊருக்குப் போய் லெட்டர் போடு. பதில்ல சொல்றேன்."

அவ்வளவுதான் கண்ணு. அவங்க கார்டு போட்டுக்கிட்டு இருக்கட்டும், டிரைவரு இன்னொரு பெஞ்சுல அஞ்சாவது புரோட்டா தின்னுக்கிட்டு இருக்கட்டும். கதை கரையேறிருச்சு, இனி நீ கண்ணை மூடு. ம் சொல்ல வேண்டாம், போதும். தூங்கு.